ஆகாயத்தில் செல்வி கூப்பிட்டது

மாசி 3, செவ்வாய்

காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. இதெல்லாம் நடக்கும் என்று முன்பே சொன்னவன் நான். வேலூர் மைதானத்தில் ஏரோப்ளேன் வந்து இறங்கும் என்றேன். இறங்கிவிட்டது. ஆட்களை ஏற்றிக் கோட்டையைச் சுற்றிக் காட்டுவார்கள் என்றேன். காட்டுகிறார்கள். அன்றைக்கு ஆம்பூர் பிரியாணிக் கடையில் சிரித்தவர்கள் யார் யார் என்று ஞாபகம் இருக்கிறது.

இன்றைய வேலை, தோல் பதனிடும் கூடத்தில்: சுண்ணாம்புத் தொட்டி மாற்றியது. ஆவாரம்பட்டை வண்டி வரவில்லை. வண்டிக்காரனுக்கு நாலு வார்த்தை சொல்லி அனுப்பினேன்.

சாயங்காலம் தங்கை கமலா வீட்டுக்கு வேலூர் ஆஸ்பத்திரி நர்ஸ் எஸ்தரம்மா வந்தார். கமலாவின் மகள் செல்விக்குப் பட்டணத்தில் இடம் கிடைத்துவிட்டதாம். காது கேளாத பிள்ளைகளுக்கென்றே உள்ள பள்ளிக்கூடம். அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். திங்கட்கிழமை ரயிலில் கூட்டிப் போக வேண்டும். தவறினால் இடம் வேறு பிள்ளைக்கு.

செல்விக்கு ஆறு வயது. கைக்குழந்தையில் வந்த காய்ச்சலோடு காது போயிற்று. பேச்சும் வரவில்லை. அவள் அப்பன் தங்கவயலில் வேலை, எப்போதாவது வருவான். ஆகவே பிள்ளை விஷயம் என் பொறுப்பு.

கமலா ஒரே அழுகை. "பேசத் தெரியாத புள்ளைய எப்டிண்ணா அங்க விட்டுட்டு வருவேன்? வயித்து வலின்னா கூட சொல்லத் தெரியாதே அதுக்கு."

அழாதே, ஏரோப்ளேன் எதற்கு வந்திருக்கிறது என்றேன். உயரத்தில் போனால் காது பட்டென்று அடைத்துப் பட்டென்று திறக்கும். எல்லோரும் சொல்வதுதான். தொழில் தெரிந்தவனுக்கு இது பெரிய சங்கதி இல்லை. எவ்வளவு பிடிவாதமான ரோமமும் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறினால் தானாக விடுகிறது. காதும் தோல்தானே.

எஸ்தரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மேஸ்திரி, புள்ள காது இன்னா நீங்க ஊறப்போடற ஆட்டுத்தோலா?"

படித்தவர்கள் எதையும் சட்டென்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

மாசி 4, புதன்

பட்டை வண்டி வந்தது. பாதி ஈரம். திருப்பி அனுப்பினேன்.

காரியம் முடிந்தது. முதலாளி சாயபு தம் மூன்று பையன்களுக்கும் நாளைக்கு ஏரோப்ளேனில் இடம் பிடித்திருக்கிறார். கூடப் போக வேண்டிய கணக்கெழுதும் முன்ஷிக்கு இன்று காலை முதல் பேதி. (பயப்பேதி. நேற்றே முகத்தில் தெரிந்தது.) நேரே போய் சாயபு முன் நின்றேன்.

"நீ போறியா மேஸ்திரி? பயமில்லியா?"

"எனக்கா? பட்டணத்தில ஏரோப்ளேனைத் தொட்டே பார்த்தவன் சாயபு நான்."

"பசங்க ஜாஸ்தி பேஜார் பண்ணுவானுங்க. பாத்துக்கோ."

மடியில் தங்கை மகளை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"வச்சுக்கோ. அதுவாவது சத்தம் போடாம வருமா?"

"போடாது" என்றேன். பிறகுதான் அவருக்கு யாரென்று ஞாபகம் வந்தது. "தோபா, அந்தப் புள்ளையா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நல்ல மனுஷன்.

கமலா செல்விக்கு மஞ்சள் பாவாடை எடுத்து வைத்திருக்கிறாள். "காது மட்டும் தெறந்துச்சுன்னா அனுப்ப மாட்டேண்ணா. என்கூடவே வச்சுக்குவேன்." திறக்கும் என்றேன்.

மாசி 5, வியாழன்

மேகம் இல்லை. லேசான காற்று. சாயபுவின் மோட்டாரில் வேலூர். ஜன்னலோரம் யாருக்கு என்று பையன்கள் பள்ளிகொண்டா வரை அடிதடி. மைதானத்தில் திருவிழாக் கூட்டம், முறுக்கு வியாபாரம்.

ஏரோப்ளேனுக்குள் ஆறு பிரம்பு நாற்காலி. பஸ்ஸை விடக் குறுகல், தலை முட்டும். பெட்ரோல் நெடி. எங்களோடு வேலூர் வக்கீல் ஒருவர். ஜரிகைத் தலைப்பாகை, கனத்த தொந்தி. எல்லோருக்கும் காதில் வைக்கப் பஞ்சு, ஆளுக்கொரு காகிதப் பை.

"பை எதுக்கு?" என்றார் வக்கீல்.

"சாமான் வாங்கிப் போட" என்றேன்.

"மேலே கடை இருக்கா?" என்று கேட்டாரே பார்க்கலாம். பி.ஏ., பி.எல்.

செல்விக்கு மட்டும் பஞ்சு வைக்கவில்லை. காற்று போக வழி வேண்டும்.

இஞ்சின் உறுமியதும் கடைக்குட்டிப் பையன் "அம்மீ, அம்மீ" என்று ஒரே ஓலம். நடுப்பையன் வக்கீலின் நாற்காலியைப் பின்னாலிருந்து தாளம் தப்பாமல் உதைக்கிறான். பெரியவன் சும்மா இருப்பானா?

"மேஸ்திரி, றெக்க ஒடஞ்சா இன்னா ஆவும்?"

"ஒடையாது."

"ஒடஞ்சா?"

"டேய், வாயைக் கழுவுடா!" என்று வக்கீல் கத்தினார். "ஓய் மேஸ்திரி, இந்த வானரங்களை அடக்க மாட்டீரா?"

"அடக்கறேன் ஐயா. மொதல்ல என் கையை விடுங்க."

அவர் என் கையை விடவே இல்லை. வேர்வைக்குத் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். குழிவாக, பாத்திரம் போல. நடுப்பையனுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. காகிதப் பையை அவன் தேடவில்லை.

கீழே: கோட்டை, அகழியோடு சோப்புப் பெட்டி அளவு. பாலாறு, ஆணி அடித்து வெயிலில் காயப்போட்ட தோல் போல. மாடுகள் எறும்பு. கிழக்கே சமுத்திரம் தெரிந்தது, நீலமாக ஒரு கோடு. ஓட்டுகிற துரை ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். தைரியசாலி யார் என்று அவர்களுக்குத் தெரியும்.

இனி முக்கியமான விஷயம். திரும்புவதற்காக ஏரோப்ளேன் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பூமியே ஜன்னலுக்கு வந்துவிட்டது. மூன்று பையன்களும் வக்கீலும் ஒரே கூச்சல். அப்போது செல்வி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு "மாமா" என்றாள். தெளிவாக. அந்த இரைச்சலில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. என் காதருகே அவள் வாய்.

வீட்டு வாசலிலேயே கமலாவிடம் சொன்னேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இன்னொரு தடவ சொல்லுண்ணா." சொன்னேன். "இன்னொரு தடவ."

மாசி 6, வெள்ளி

தொட்டிக்கு விடுமுறை. பிரியாணிக் கடையில் எனக்குத் தனி நாற்காலி. எத்தனை தடவை சொன்னேனோ, தொண்டை கட்டிவிட்டது. கடைசித் தடவையில் செல்வி "மாமா, பயப்படாதே" என்றே சொல்லிவிட்டாள். கதை கேட்கிறவர்கள் முகத்தைப் பார்த்தால் வாய் தானாகப் போகிறது.

சாயபுவின் கடைக்குட்டி என்னைக் கண்டால் இன்னும் ஓலம். வக்கீலுக்குப் புதுத் தலைப்பாகை சாயபு செலவில்.

கமலா தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள். எஸ்தரம்மாவுக்கு ஆள் அனுப்பிவிட்டாள்: செல்வி வரவில்லை, இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுக்கலாம்.

நல்லதுதான். பிள்ளை கண்ணெதிரே இருக்கும்.

மாலையில் கமலா செல்வியை எதிரே உட்காரவைத்து, "மாமா சொல்லு, மாமா" என்று விளக்கேற்றும் வரை. செல்வி அவள் உதட்டையே பார்த்தது. பிறகு என்னிடம் வந்து, நான் பேசப் பேச என் தொண்டைமேல் கையை வைத்துப் பார்த்தது. சரியாகச் சாப்பிட முடியவில்லை. பிரியாணி மந்தம்.

மாசி 8, ஞாயிறு

புழுக்கம். எஸ்தரம்மா சர்ச்சிலிருந்து நேரே ரயிலேறி வந்துவிட்டார், வெள்ளைச் சேலையோடு. இடத்தை இன்னும் விடவில்லையாம்.

"காது கேக்குதுன்னா எனக்கும் சந்தோஷம்தான். காட்டுங்க."

காட்டினேன். சரக்குக் கிடங்குக்குப் போனோம், பின்னாலேயே பாதித் தெரு. செல்வியைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்தேன். காய்ந்த தோல் கட்டு ஒன்றைத் தூக்கி அவள் பின்னால் தொப்பென்று போட்டேன். வெடி போட்டது போல் சத்தம். சடக்கென்று திரும்பினாள். எல்லோரும் கை தட்டினார்கள். கமலா கும்பிட்டாள்.

எஸ்தரம்மா செல்வியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "இப்ப போடுங்க."

போட்டேன். எஸ்தரம்மாவின் சேலைக் கரையை நோண்டிக்கொண்டிருந்தாள் செல்வி. இன்னொரு கட்டையும் போட்டேன், முன்னதை விடப் பலமாக. நோண்டிக்கொண்டே இருந்தாள்.

"தரை அதிர்றது காலுக்குத் தெரியுது அவளுக்கு. கெட்டிக்காரி. அதனாலதான் படிக்க வைக்கணும்னு உசிரை விடறேன்."

கமலா விடவில்லை. "கட்டு சத்தம் கேக்கலேன்னா போவுது சிஸ்டர். எங்கண்ணன் காதால கேட்டிருக்காரு, மாமான்னு கூப்பிட்டத. புள்ள விஷயத்துல பொய்யா சொல்லுவாரு?"

தெருவே அங்கே நின்றது. என்னைப் பற்றி ஆளுக்கொரு பதில் சொல்லியிருக்கலாம். யாரும் வாய் திறக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"நாளைக்குக் காலையில வண்டி மேஸ்திரி. நான் ஆம்பூர்லயேதான் தங்கறேன்" என்றார் எஸ்தரம்மா. கமலாவிடம் இல்லை, என்னிடம்.

கட்டுகளைத் திரும்ப அடுக்கினேன். அந்த வேலைக்கு ஆள் இருக்கிறது. இருந்தாலும் நானே அடுக்கினேன்.

மாசி 9, திங்கள்

ஆம்பூர் ஸ்டேஷன் பெஞ்சு. பென்சிலால் எழுதுகிறேன். பனி இன்னும் விலகவில்லை. ரயில் போய்விட்டது. அதில் எஸ்தரம்மா, கமலா, செல்வி. கமலா பிள்ளையை விட்டுவிட்டு நாளை மறுநாள் திரும்புவாள்.

விடிந்ததும் போனேன். கமலா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். செல்வி கூப்பிடவில்லை என்றேன். புரியாமல் பார்த்தாள். மறுபடியும் சொன்னேன். ஊதுகுழலை ஓங்கினாள். அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

"தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தேனேண்ணா."

அவ்வளவுதான். பாவாடைகளை மடித்தாள், எண்ணெய் தடவித் தலை பின்னினாள், சோறு கட்டினாள். என் பக்கம் திரும்பவே இல்லை. மூட்டையை நான் தூக்கினேன், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஸ்டேஷன் வரை செல்வி என் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தது. எங்கே போகிறோம் என்று அதற்கு யார் சொல்வது? அங்கே போனால் சொல்வார்களாம், கையாலேயே.

வண்டி புறப்படுகிற நேரம்தான் கமலா ஜன்னலுக்கு வந்தாள். கண்ணெல்லாம் சிவப்பு.

"அப்ப மேல யாருமே கூப்பிடலியா?"

"கூப்பிட்டது நிஜம்தான் கமலா. ப்ளேன் சாஞ்சப்ப. ஆனா கூப்பிட்டது நானு. மாமான்னு இல்ல. அம்மான்னு."