ரோமாபுரிப் பாதையில் ஒரு கொடிக்கால்

கீரமங்கலம்
பார்த்திப வருஷம், ஐப்பசி 5 (1945)

சிரஞ்சீவி சேவுகனுக்கு அப்பா ஆத்மநாதன் எழுதுவது. இங்கே நானும் உன் ஆத்தாளும் மாடு கன்றுகளும் வெற்றிலைக் கொடிக்காலும் சுகம். இத்தாலியில் உன் உடம்பும் மனசும் அப்படியே இருக்கவேண்டும் என்று தினமும் கும்பிடுகிறோம். உன் கடிதம் ஒரு மாதம் கப்பலில் ஆடிவிட்டுப் போன வெள்ளிக்கிழமைதான் கைக்கு வந்தது.

நாலு நாளாக எனக்கு நீ எழுதிய திராட்சைத் தோட்டங்களின் நினைப்பாகவே இருக்கிறது. கிறிஸ்தவர்கள் எத்தனையோ நூறு வருஷமாக ரோமாபுரிக்கு நடந்தே போகிற பாதை என்கிறாய், அதன் இரண்டு பக்கமும் மலைச்சரிவு முழுக்கத் திராட்சை என்கிறாய், படிக்கும்போதே எனக்குக் கால் பரபரத்தது. நாம் வெற்றிலைக் கொடியை அகத்தியில் ஏற்றிக் கட்டுகிற மாதிரியே அவர்களும் மரத்தை நட்டு அதில் கொடியை ஏற்றுகிறார்களாமே, கெட்டிக்காரர்கள். குளிர்காலத்தில் அடிக்கட்டை தெரிய வெட்டிவிட்டாலும் மறுபடி தழைத்துக் காய்க்கும் என்பதை மட்டும் நான் நம்பவில்லை, நம் கொடியை அப்படி வெட்டினால் துண்டை விரித்து உட்காரவேண்டியதுதான். எல்லாவற்றையும்விட, பாதையோரத்து முதல் வரிசைப் பழத்தைப் பறிக்காமல் நடந்து வருகிறவர்களுக்கே விட்டுவிடுகிறார்கள் என்று எழுதினாயே, அந்த இடத்தில் கடிதத்தை மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பழனிக்கு நடக்கிறவர்களுக்கு நானும்தான் வருஷா வருஷம் மோர் ஊற்றுகிறேன், ஆனால் விளைந்து நிற்கிற கொடியில் ஒரு வரிசையை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வராது. பெரிய மனுஷர்கள் அவர்கள்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தை உன் ஆத்தாளுக்கு முதலில் வாசிக்கவில்லை. பட்டாளத்தில் பாலத்துக்கு இடம் பார்க்க அந்தத் திராட்சைத் தோட்டத்துக்குள் போகச் சொன்னார்கள், நீ பழக்க தோஷத்தில் பூட்ஸைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டுப் போனாய், திரும்பி வந்தால் பூட்ஸைக் காணோம். சர்க்கார் சாமானைத் தொலைத்தாய் என்று சட்டைக் கையில் இருந்த பட்டையைப் பிடுங்கி லான்ஸ் நாயக்கைச் சாதாரணச் சிப்பாயாக்கிவிட்டார்கள். அடே, வெள்ளைக்காரன் பட்டாளத்தில் இருந்துகொண்டு கொடிக்காலுக்கு வெளியே செருப்பைக் கழற்றுகிறவன் நீ ஒருவனாகத்தான் இருப்பாய். முதலில் சிரித்தேன், பிறகு அழுகை வந்துவிட்டது. ஏழு வயசில் நீ செருப்புக் காலோடு நம் கொடிக்காலுக்குள் ஓடிவந்தாய் என்று, லட்சுமி இருக்கிற இடமடா என்று சொல்லிச் சொல்லி அகத்திக் குச்சியால் அடித்தவன் நான்தானே. உன் பட்டையைப் பறித்தது அந்த அடிதான். எனக்குப் பெருமையாக இருக்கிறது சேவுகா, மறைக்காமல் சொல்கிறேன்.

ஆனால் பட்டை திரும்பக் கிடைக்கிறவரை ஊர்ப்பக்கம் வரமாட்டேன், பட்டாளத்திலேயே இன்னும் இரண்டு வருஷம் இருக்கக் கையெழுத்துப் போடப்போகிறேன், பொன்னமராவதி மாமாவிடம் மூச்சுவிட வேண்டாம் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. தையில் மாமா மகளோடு உனக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம் என்பது மறந்துபோயிற்றா. மறுநாளே கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸில் ஏறிப் புகையைத் தின்றுகொண்டு பொன்னமராவதி போனேன். உன் ஆத்தாளின் அண்ணன் மூக்கனிடம் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன், நீ திட்டினால் திட்டிக்கொள். அவர் மீசையைத் தடவிக்கொண்டார். அதற்குள் அடுப்படியிலிருந்து அவர் மகள் பொன்னுத்தாய், "அவுக வாரதுக்குன்னா எத்தனை வருசமும் இருப்பேன் மாமா, பட்டை வரட்டும்னா ஒரு மாசங்கூட இருக்க மாட்டேன், அப்படியே எழுதிருங்க" என்றாள். எழுதிவிட்டேன். பிறகுதான் மூக்கன், எலையைப் போடச் சொல்லி என்னைச் சாப்பிட உட்காரவைத்தார். வெற்றிலை மண்டியில் உன் பட்டையைப் பற்றி நான் அளந்த அளப்பெல்லாம் உனக்குத் தெரியும், அது போன கதையையும் அங்கே நானே சொல்லிவிட்டேன், இனி நீ யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

சண்டைதான் முடிந்துவிட்டதே. காகிதத்தை நீட்டினால் அப்பா வேண்டாம் என்றார் என்று சொல். குளிரில் மார்பை மூடிக்கொள், தினம் எண்ணெய் தேய்க்காவிட்டாலும் வாரம் ஒருநாளாவது தேய். நல்ல ஆயுசோடு, நம் குலதெய்வத்தின் துணையோடு தைக்கு முன்னே வந்து சேர்.

கடைசிப் பக்கத்தை நேற்று ஆத்தாளுக்கும் வாசித்துக் காட்டினேன். பட்டையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பூட்ஸ் இல்லாமல் அந்தக் கல்லுப் பாதையில் எவ்வளவு தூரம் நடந்தாய், காலில் ஏதாவது குத்தியதா என்று மட்டும் கேட்கச் சொன்னாள். அதற்கு மறக்காமல் பதில் எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
ஆத்மநாதன்