அடிக்குறி போடாத மரங்கள்

அன்புள்ள சின்னவளின் அப்பாவுக்கு,

வீட்டில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து படியுங்கள். அந்த மரம் வெட்டுகிற மிஷினை ஓட்டிக்கொண்டே படிக்காதீர்கள்.

போன மாத மழையில் ஓடை இடம் மாறிவிட்டது. நம் தைலமரத் தோட்டத்துக்கும் காட்டுக்கும் நடுவில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது, இப்போது கரையை உடைத்துக்கொண்டு தோட்டத்துக்குள்ளேயே புகுந்து ஓடுகிறது. பழைய தடத்தில் வெறும் கல்தான். வீட்டுக் குழாயைத் திறந்தால் தண்ணீர் டீ நிறத்தில் வருகிறது. உங்கள் அம்மா துணி கட்டி வடிகட்டிவிட்டு, இதற்கும் நான்தான் காரணம் என்பதுபோல் என்னையே பார்க்கிறார்.

ஓடையோரம் ஒரு பட்டை நிலத்தை விட்டுத்தான் மரம் வெட்ட வேண்டும் என்பது சட்டம். ஓடை மாறினால் பட்டையும் மாறும் என்று கம்பெனித் தலைமை ஆபீசில் கண்டுபிடித்திருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் பழைய ஓடையோரத்து அத்தியும் நாவலும் வெட்டுகிற கணக்கில் வந்துவிடும். அந்த மரங்களை வெட்டச் சொல்லி நான் குறி போட மாட்டேன் என்று மேனேஜரிடம் கத்திவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "தோட்டத்துல போதுமான மரம் வந்தாத்தாம்மா காட்டை விட்டு வைப்பாங்க. இல்லேன்னா மொத்தத்தையும் வித்துட்டுப் போயிடுவாங்க. அப்புறம் எதுக்குக் குறி போடுவே?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

பேசிப் பேசி ஒரு வழிக்கு வந்தோம். பட்டை பழைய தடத்திலேயே இருக்கட்டும், காட்டு மரங்களைத் தொடுவதில்லை. அதற்கு ஈடாகப் புது ஓடையோரத்துத் தைலமரங்களை எடுத்துக்கொள்ளலாம், இடையில் காட்டுக் கன்றுகளை நட வேண்டும். ஆனால் அந்தக் கரையில் மிஷின் இறங்கக் கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். ஆள் கையால் ஒவ்வொன்றாக அறுத்து, தண்ணீரில் விழாமல் மேட்டுப் பக்கம் சாய்த்து, கயிறு கட்டி இழுக்க வேண்டும். வேர் மண்ணிலேயே இருந்தால் அடிக்கட்டை துளிர்க்கும், கரை நிற்கும். மிஷின் ஏறி மிதித்தால் அடுத்த மழையில் கரை மொத்தமும் நம் குழாய்க்குத்தான் வரும்.

மேனேஜர் சிரித்தார். "அப்படி வெட்ட ஆள் எங்கேம்மா? மிஷின் வந்ததும் கைக்குழுவைத்தான் கலைச்சிட்டோமே" என்றார். கலைத்த குழுவுக்குத் தலைவர் யார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த மிஷினையே ஓட்டக் கற்றுக்கொண்டு வருகிறேன் பார் என்று வீம்பாகக் கிளம்பிப் போன மனிதர்தான். உங்கள் குழுவில் இருந்த இடக்கையனிடம் பேசினேன். சந்தையில் மூட்டை தூக்கிக்கொண்டிருக்கிறான். "அண்ணன் வந்தா நாளைக்கே வர்றேன் அண்ணி" என்கிறான். மற்றவர்களைக் கேட்டாலும் அதே பாட்டுத்தான்.

இப்போது நான் செய்திருப்பதைச் சொல்கிறேன், திட்டாதீர்கள். அந்தக் கரையில் எல்லாத் தைலமரத்துக்கும் நெஞ்சளவில் மேல்குறி போட்டுவிட்டேன். தரையோரம் போடுகிற அடிக்குறியைப் போடவில்லை. மரம் போன பிறகும் கட்டையில் நின்று சாட்சி சொல்வது அதுதானே. அது இல்லாத மரத்தில் ரம்பமும் வைக்க முடியாது, மிஷினும் வைக்க முடியாது. ஏன் போடவில்லை என்று மேனேஜர் கேட்டார். பட்டை ஈரமாக இருக்கிறது, பெயின்ட் நிற்காது என்றேன். நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார்.

அவரும் எத்தனை நாள் பொறுப்பார்? வரும் வெள்ளிக்கிழமைக்குள் கைக்குழு வரவில்லை என்றால், அடிக்குறி போட வேறு ஆளை அனுப்புவார்களாம். மறுநாளே மிஷின் இறங்கும். அதை ஓட்ட உங்களையே அனுப்பினாலும் அனுப்புவார்கள். அப்படி வந்தால் நான் ஓடைக்கு நடுவில் போய் நின்றுகொள்வேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

கையெழுத்து ஒரு மாதிரி இருக்கிறது என்று நினைக்காதீர்கள். எழுதும்போதே இரண்டு முறை எழுந்து போய் வாசலைப் பார்த்துவிட்டு வந்தேன். உங்கள் பழைய பூட்ஸை அங்கிருந்து எடுக்கக் கூடாது என்று அத்தை உத்தரவு போட்டிருக்கிறார். தினமும் கூட்டும்போது நகர்த்திவிட்டு, திரும்பவும் அதே இடத்தில் வைக்கிறேன். அப்பா எப்போது வருவார் என்று சின்னவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அவள் கேட்டுக்கொண்டிருந்தபோது இவ்வளவு பயமாக இல்லை.

மரத்துக்காகத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைப்பீர்கள். அப்படியே நினைத்துக்கொண்டு வாருங்கள், பரவாயில்லை.

வெள்ளிக்கிழமை காலை பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போவேன். அடிக்குறி போடக் குனிந்தால் எனக்கு இப்போதெல்லாம் இடுப்புப் பிடித்துக்கொள்கிறது. பக்கத்தில் நின்று டப்பாவைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.

பத்திரமாக வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
சின்னவளின் அம்மா