துதிக்குத் திரும்பாத சங்கீதம்

ஜூன் 10, திங்கள்

காலையிலேயே கொதிக்குது தகரக் கூரை. ஜி.எச்.லேர்ந்து எஸ்தரை வூட்டுக்குக் கூட்டி வந்தாச்சு. எங்க குழந்தையை நேத்தே கல்லறைத் தோட்டத்துல வெச்சாச்சு. பொண்ணு. வயித்துலயே போயிட்டா.

வாங்க வேண்டியது: எஸ்தருக்கு மாத்திரை, ரொட்டி, கொசுவத்தி. ஞாயிறு பிரசங்கம் நான்தான். சபைக்கு வேற பாஸ்டர் இல்லை.

ஜூன் 11, செவ்வாய்

விடியும் முன்னே மேசையில். செமினரியில் ஊழியத்துக்குப் படிச்சப்ப பழகின முறைதான். விளக்கவுரையைத் திறக்காம வேதப் பகுதியை மூணு தரம் வாய்விட்டு வாசிக்கணும். புரியாததைக் கேள்வியா எழுதணும். கடைசியில் ஒரே வாக்கியத்துல சொல்லணும். இன்னிக்கு ரெண்டாம் வசனம் தாண்டலை. கண்ணு ஓடுது, உள்ளே ஒண்ணும் போகலை.

எஸ்தருக்குப் பால் கட்டிக்கிச்சு. வலி. கேட்டா "ஒண்ணுமில்ல"ங்கிறா. செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா. இன்னும் அழலை.

ஜூன் 13, வியாழன்

புழுக்கம். பீங்கான் சூளைப் புகை வூட்டுக்குள்ள.

ஜான்சன் போன். செமினரியில் கூடப் படிச்சவன், இப்ப வேப்பூர்ல ஊழியம். ரெண்டு பேரும் ஒரே பகுதியைத் தனித்தனியாப் படிச்சுட்டு வியாழக்கிழமை பேசுறது வழக்கம். வரிசைப்படி இந்த வாரம் பைபிள்லேர்ந்து ஒரு புலம்பல் சங்கீதம், கடவுள்கிட்ட அழுது முறையிடுற பாட்டு. மத்த புலம்பல்லாம் கடைசியில் துதிக்குத் திரும்பும். இது திரும்பாது. இருட்டுலயே நின்னுடும்.

"வேற எடுத்துக்கலாம்டா."

"வேணாம்."

"படிச்சியா?"

"எழுத்து தெரியுது. அவ்ளோதான்."

அவன் பக்கம் புரட்டுற சத்தம். அப்புறம் போன்லயே வாசிச்சான். மெதுவா. விளக்கம் எதுவும் சொல்லலை. இந்த வாரம் எனக்குள்ளே போன வசனம் அது மட்டும்தான்.

ஜூன் 15, சனி

மூப்பர் தங்கராசு வந்தார், வாழைப்பழத்தோட. பீங்கான் ஃபேக்டரியில் சூப்பர்வைசரா இருந்தவர். சபையில் அவர் சொல்றதுதான் நடக்கும்.

"நாளைக்கு ஆறுதலா முடிங்க பாஸ்டர். ஜனங்க உங்க மொகத்தத்தான் பாப்பாங்க. எடுத்தவரு வேற குடுப்பாருன்னு சொல்லுங்க."

உள்ரூம்ல எஸ்தர் கேட்டுக்கிட்டுதான் இருந்தா.

சாயங்காலம் குறிப்பு எழுதினேன். மூணு தலைப்பு, நல்ல முடிவு. வாய்விட்டு வாசிச்சப்ப என் குரலே எனக்குப் பிடிக்கலை. கிழிச்சுட்டேன்.

ஜூன் 16, ஞாயிறு

சங்கீதத்தை நிதானமா வாசிச்சேன். "இது இங்கதான் முடியுது. நானும் இப்ப இங்கதான் இருக்கேன். மேல சேர்க்க என்கிட்ட ஒண்ணும் இல்ல." உட்கார்ந்துட்டேன்.

ஃபேன் சத்தம் மட்டும். மூப்பர் பாட்டு எடுத்தார், பாதிப் பேர் பாடலை. களிமண் மில்லுல வேலை பாக்குற அஞ்சலையம்மா, போன வருஷம் மகனை ஆக்சிடென்ட்ல பறிகொடுத்தவங்க, பாட்டுக்கு எழுந்திருக்கவே இல்லை. முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு இருந்தாங்க.

வாசல்ல மூப்பர்: "இப்படி வுடக் கூடாதுங்க. கமிட்டியில பேச வேண்டியிருக்கும்."

"பேசுங்கய்யா."

ஜூன் 17, திங்கள்

தூறல். அடுப்புல அரிசி. எஸ்தர் எழுந்து வந்து பக்கத்துல உட்கார்ந்தா.

"நேத்து என்னா சொன்னீங்க?"

சொன்னேன்.

"எனக்கும் படிங்க."

படிச்சேன். கடைசி வசனத்துல நிறுத்தினேன்.

"அவ்ளோதானா? ஆறுதலா ஒண்ணும் இல்லியா?"

"இல்ல."

அப்பதான் அழுதா. வாய்விட்டு. பக்கத்து வூட்டம்மா என்னமோன்னு எட்டிப் பாத்தாங்க. கையைக் காட்டி அனுப்பிட்டேன். தேத்தலை. அவ தோள்ல கை வெச்சபடி மறுபடியும் முதல் வசனத்துலேர்ந்து வாசிச்சேன். இப்பவும் அழுதுகிட்டுதான் இருக்கா. சோறு குழையுது, வடிக்கணும்.