கயிற்றுக்கு வெளியே நின்றவள்

சாங்க்ட் காலன், மே 1990

அன்புள்ள கணவனுக்கு,

சினைப்பசுவுக்கு மறக்காமல் தனியாக வைக்கோல் போடு. நானும் நம் மகள் வெரேனாவும் என் தங்கை வீட்டில் நலம். இந்த சுவிஸ் நாட்டில் மற்ற ஊர்ப் பெண்களைப் போல அவளும் ஊர்க் காரியங்களுக்கு ஓட்டுப் போடுகிறாள். நம் அப்பென்செல் பெண்கள்தான் பாக்கி.

ஊர்ச்சபை கூடிய அந்த ஞாயிற்றுக்கிழமை உன் இடுப்பில் வாளைக் கட்டிவிட்டதே நான்தான். சபைக்குள் போக நம்மூர் ஆண்களுக்கு அதுதானே ஓட்டுச்சீட்டு! “கவலய விடு, இந்தத் தடவ ஒனக்காகத்தான் கை தூக்குவேன்” என்றாய்.

சதுக்கத்தைச் சுற்றிய கயிற்றுக்கு வெளியே பெண்கள் நாங்கள் நின்றோம். பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்பவர்கள் கை தூக்கியபோது நீ சும்மா நின்றாய். பயந்துவிட்டாய் என்று நினைத்தேன். வேண்டாம் என்பவர்களைக் கேட்டதும், பக்கத்துப் பண்ணை காஸ்பரைப் பார்த்துக்கொண்டே கையை உயர்த்தினாய்.

“பொம்பளைங்களும் உள்ள வந்தா நிக்க எடம் ஏதுய்யா?” என்று அவன் கத்தினான். நீ சிரித்தாய். சந்தையன்று அத்தனை மாடுகளும் அங்கேதானே நிற்கின்றன!

“அப்பா நமக்கு எதிராவா கை தூக்குறாரு?” என்று வெரேனா கேட்டாள்.

“இல்லடி, வெயிலுக்குக் கண்ண மறைக்கிறாரு.”

உனக்காக என் மகளிடம் பொய் சொன்னேனே, அதுதான் ஆறவில்லை. நேற்று அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். ஓட்டுரிமை கேட்டு நம்மூர்ப் பெண்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பும் மனுவிலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

எப்போது வருவாய் என்று எனக்கு எழுதாதே. ஏன் கை தூக்கினாய் என்று அவளுக்கு எழுது.

இன்னமும்,
உன் மனைவி