மந்திரவாதியின் பத்து மூச்சு

மார்ச் 3, ஞாயிறு

இன்றும் மூன்று பேரும் வந்தார்கள். மகள் கண்ணை மூடி நாலு மாதம். அவளோடு விளையாட வந்துகொண்டிருந்தவர்கள், ஞாயிறு ஆனால் இன்னும் வருகிறார்கள். எலக்ட்ரீஷியன், மருந்துக்கடையில் நிற்கும் பெண், குண்டு என்று எல்லாரும் கூப்பிடும் பையன்.

அவளே கண்டுபிடித்த விளையாட்டு. ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வேஷம் – மந்திரவாதி, திருடி, காவல்காரன். பூட்டு திறந்ததா, பூதம் செத்ததா என்று பகடை சொல்லும். விதியெல்லாம் அவள் நோட்டில் இருக்கிறது. நோட்டு என்னிடம், அதனால் கதை சொல்லும் நாற்காலியும் எனக்கு. நான் விரல் வைத்துப் படிப்பவள். பொறுத்துக்கொள்கிறார்கள்.

மந்திரவாதிக்கு ஒரு நாளைக்குப் பத்து மூச்சு. நெருப்பு மூட்ட இரண்டு, பூட்டுத் திறக்க மூன்று, பறக்க ஐந்து. தீர்ந்தால் உட்கார வேண்டும். இதை ஏன் எழுதியிருப்பாள் என்று எனக்குத் தெரியாதா? பிறந்த நாளிலிருந்து மூச்சு இழுப்பு அவளுக்கு.

மார்ச் 4

ஆஸ்பத்திரிச் சலவையில் இன்று விரிப்பு மட்டும் இருநூறு. மடிக்க மடிக்க ஒரே யோசனை. மந்திரத்துக்கு மூச்சு போகும் என்றால் படி ஏறினால் போகாதா?

மார்ச் 10, ஞாயிறு

நாலு படிக்கு ஒரு மூச்சு என்று நானே ஒரு விதி சேர்த்தேன். நம் வீட்டு மாடிக்குப் பதினாறு படி. நாலுக்கு ஒரு தரம் அவள் கைப்பிடியைப் பிடித்து நிற்பாள். அதுதானே நிஜம்?

கதையில் வரும் கோபுரத்தின் இரண்டாம் மாடியிலேயே மந்திரவாதி உட்கார்ந்துவிட்டான். எலக்ட்ரீஷியன்தான் மந்திரவாதி. பென்சிலைக் கடித்தான். குண்டுதான் ஆரம்பித்தான்.

"அம்மா, இது விளையாட்டா, உங்க ஆஸ்பத்திரியா? இவன் உட்கார்ந்தா நாங்களும் சுவத்தைப் பாத்துட்டு உட்காரணுமா?"

எனக்கு வந்ததே கோபம். "உட்காருங்க. இருபத்தாறு வருஷம் நான் உட்கார்ந்து பாத்தேன். உங்களால ஒரு மணி நேரம் முடியலையா?"

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். போகட்டும். அவள் எழுதியதை மதிக்காதவர்கள் எதற்கு?

மார்ச் 17, ஞாயிறு

யாரும் வரவில்லை. நாலு நாற்காலியையும் துடைத்தேன்.

மார்ச் 20

முதுகுவலித் தைலம் வாங்க மருந்துக்கடைக்குப் போனேன். வீட்டில் பாதி பாட்டில் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கும் அது புரிந்திருக்கும்.

கூட்டம் குறையும்வரை நின்றேன். அப்புறம் அவளே சொன்னாள். என் மகள் ஒரு நாளும் யாரையும் உட்கார வைத்து ஆடவில்லையாம்.

"மூச்சு தீர்ந்தா, மந்திரவாதி ஏதாவது சொல்லி எங்களைச் சிரிக்க வைக்கணும். யார் சிரிச்சாலும் ரெண்டு மூச்சு திரும்ப வரும். அதுதாம்மா விளையாட்டே."

பொய் என்றேன். சிரித்தால்தான் அவளுக்கு இழுப்பே வரும். சிரிக்காதடி, சிரிக்காதடி என்று அடுப்படியிலிருந்து கத்திக் கத்தி என் தொண்டை போனது. நோட்டில் இப்படி ஒரு வரியும் இல்லையே?

அவள் தைலத்தைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "எழுத வேண்டாம்னு சொன்னா. அம்மா நோட்டைப் படிப்பாங்கன்னு."

மார்ச் 21

அவள் இருந்தபோது நான் டீ கொண்டு போனால் நாலு பேரும் கப்சிப் என்று ஆகிவிடுவார்கள். மரியாதை என்று நினைத்தேன். மடச்சி.

யார் மேல் கோபம் என்று தெரியவில்லை. இஸ்திரி போடும்போது தலையணை உறை ஒன்றைத் தீய்த்துவிட்டேன். சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சிரிக்காதே என்று சொல்லாமல் இருந்திருந்தால்? சும்மா விடவா முடியும்? மூச்சு போகும்போது பக்கத்தில் நின்றவள் நான்தானே – அவர்களா?

மார்ச் 25

எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை வாப்பா என்று மட்டும் சொன்னேன். சரிம்மா என்று மட்டும் சொன்னான்.

மார்ச் 31, ஞாயிறு

வந்தார்கள். கதை சொல்லும் நாற்காலியை எலக்ட்ரீஷியனுக்குக் கொடுத்துவிட்டு மந்திரவாதியின் மூச்சுக் கணக்கு எழுதும் தாளை நான் எடுத்துக்கொண்டேன். படிக் கணக்கு மட்டும் இருக்கட்டும் என்றேன். முணுமுணுத்தார்கள். அதைக் கைவிட எனக்கு மனசு வரவில்லை.

இரண்டாம் மாடியில் மூச்சு சுத்தமாகத் தீர்ந்தது. எதிரே பூட்டிய கதவு.

"என்னம்மா பண்ணப் போறீங்க?" என்று குண்டு கையைக் கட்டிக்கொண்டான்.

சூப்பர்வைசர் கதையைச் சொன்னேன். அழுக்குத் துணி வண்டிக்குள் விழுந்த பேனாவை எடுக்கத் தலைகீழாகக் குனிந்தவர் உள்ளேயே விழுந்துவிட்டார். பார்க்காமல் அவர் மேல் இன்னும் பத்து விரிப்பைப் போட்டுத் தள்ளிக்கொண்டு போனோம். இயந்திரத்து வாசலில் துணிக்குள்ளிருந்து, "யாரும்மா இன்னைக்கு லீவு?" என்று அதிகாரமாக ஒரு குரல்.

மருந்துக்கடைப் பெண் சிரித்துவிட்டாள். இரண்டு மூச்சு. பூட்டுக்கு மூன்று வேண்டும்.

அப்புறம் சூப்பர்வைசரின் அந்தக் குரல் மறுபடி காதில் கேட்டது எனக்கு. அடக்கினேன், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். இதற்கும் இரண்டு உண்டு என்றேன். அது செல்லாது, மந்திரவாதி தானே சிரித்துக்கொண்டால் கணக்கில் வராது என்று குண்டு சண்டைக்கு நின்றான். அரை மணி நேரம். டீ ஆறிப் போனது.

நோட்டை வாங்கி, அவள் எழுத்துக்குக் கீழே கோணல்மாணலாக எழுதினேன்:

சிரித்தால் இரண்டு மூச்சு. மந்திரவாதியே சிரித்தாலும்.