பதினோரு அணில்களும் உன் அப்பாவின் முத்திரையும்

கமாகுரா
டிசம்பர் 6

அன்புள்ள சிகுசாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், அணில்கள் எங்களைவிடச் சுகம். அந்தக் கனடாக் குளிரில் நீ சளி பிடிக்காமல் இருக்கிறாயா என்று எழுது. நீ அனுப்பிய போட்டோ கிடைத்தது. உன் உள்ளங்கையில் உட்கார்ந்து ஓர் அணில் கொட்டை தின்கிறது, கீழே "அழகா இருக்கில்லம்மா?" என்று வேறு எழுதியிருக்கிறாய். அழகுதான், உன் வீட்டு டெலிபோன் ஒயரைக் கடித்துத் துண்டாக்கி, காமெலியா மொட்டுகளை ஒன்று விடாமல் தின்று, விடிந்ததும் கூரைமேல் நின்று நாய்க்குட்டி மாதிரிக் குரைத்தால் அப்போது தெரியும் அழகு.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். நீ பிறந்த வருஷம் நட்ட பெர்சிமன் மரம் இந்த வருஷம் நூற்றிருபது பழம் காய்த்தது. மரத்தில் துவர்ப்பாகத் தொங்கிய வரைக்கும் இந்த மகாராஜாக்கள் ஒன்றைக்கூடத் தொடவில்லை. நான் முதுகு ஒடியத் தோல் சீவி, கொதிநீரில் முக்கி, கயிற்றில் கட்டிக் கூரை ஓரமாகக் காயத் தொங்கவிட்டு, மூன்று வாரம் ஒவ்வொன்றையும் விரலால் பிசைந்துவிட்டு, உள்ளே இனிப்பு ஏறிய அன்றைக்குப் பார்த்து வந்தார்கள். சமைப்பது நான், சாப்பிடுவது அவர்கள். புத்தாண்டுக்கு வருகிறேன் என்று நீ சொன்னாயே, அதற்காகத்தான் இத்தனை பாடும்.

போன வருஷம் இரண்டே இரண்டு இருந்தன, இப்போது பதினொன்று. வேலியோரம் வேர்க்கடலைத் தோல் கிடந்தது, யாரோ தீனி போடுகிறார்கள் என்று புரிந்துவிட்டது. எனக்குச் சந்தேகம் பக்கத்து வீட்டு முரோய் அம்மாள்மேல். காக்கையிடம்கூட மரியாதையாகக் குசலம் விசாரிக்கிறவள் அவள். நாற்பது வருஷமாக முகத்தில் விழிக்கிறோம், நேரே போய்க் கேட்க முடியுமா? எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். தெருச் சங்கத் தலைவரிடம் சொல்லி, வீடு வீடாகச் சுற்றும் அறிக்கை அட்டையில் ஒரு தாள் சேர்க்கச் சொன்னேன். பெயர் கிடையாது, "யாரோ ஒருவர் அணில்களுக்கு வேர்க்கடலை போடுகிறார், அன்புகூர்ந்து நிறுத்தவும்" என்று மட்டும். இருபத்துமூன்று வீடும் படித்ததற்கு அடையாளமாக அவரவர் பெயர் முத்திரையைக் குத்தியது. முரோய் அம்மாளும் குத்தி, ஒரு முள்ளங்கியோடு அட்டையை என்னிடமே கொண்டுவந்து தந்தாள். என்ன நெஞ்சழுத்தம் என்று நினைத்துக்கொண்டேன். உன் அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார், முத்திரையை ஊதி ஊதிக் குத்தினார், அடுத்த வீட்டில் கொண்டுபோயும் கொடுத்தார்.

பிறகு நகராட்சியில் கூண்டு இரவல் வாங்கினேன். அதை வைக்க இடம் தேடிக் கொட்டகையைத் திறந்தால், உன் அப்பாவின் தூண்டில் பெட்டிக்குப் பின்னால் ஒரு மூட்டை வேர்க்கடலை! அதுவும் சிபா கடலை, நாம் விருந்தாளி வந்தால்கூட யோசித்து வாங்குகிற ரகம். கேட்டதற்கு, "வயிறு நெறஞ்சா பழத்தைத் தொடாதுன்னு நெனச்சேன். பொண்ணு வர்ற வரைக்கும் காப்பாத்தணும்ல" என்கிறார். முப்பத்தைந்து வருஷம் ரயில்வேயில் கால அட்டவணை போட்ட மூளை இது. வயிறு நிறைந்தால் சொந்தபந்தத்தையும் கூட்டிவரும் என்று தோன்றவே இல்லை. அப்புறம் எதற்கு ஐயா முத்திரை குத்தினீர்கள் என்றால், "எல்லாரும் குத்தியிருக்காங்க, நான் மட்டும் குத்தலேன்னா சந்தேகம் வராதா?" என்கிறார். கூண்டு இன்றைக்கும் காலிதான், வயிறு முட்டத் தின்றவர்கள் அதற்குள் எதற்கு வருவார்கள்?

இனிப்புப் பெட்டியோடு முரோய் அம்மாள் வீட்டுக்குப் போய்த் தலை குனிந்தேன். அவள் சிரிக்கிறாள். "எங்க சமையலறை ஜன்னல்லேர்ந்து தினமும்தான் பாக்கறேன் அக்கா, அண்ணன் கடலை போடறத. வீட்டுல சொல்லிக் கேக்கலை போலிருக்கு, அதான் அட்டையில எழுதி அவருக்குச் சொல்றீங்கன்னு நெனச்சோம். தெருவே அப்படித்தான் நெனச்சுது" என்றாள். புருஷனிடம் சொல்ல வேண்டியதை இருபத்துமூன்று வீடு சுற்றிச் சொல்லுகிறவள் என்று எனக்குப் பெயர். கோபமாகத்தான் வீட்டுக்கு வந்தேன். யோசித்துப் பார்த்தால் தெரு நினைத்ததில் பெரிய தப்பில்லை. நீ போன பிறகு நாங்கள் இருவரும் பேசுவது, நீ எப்போது வருவாய் என்ற ஒன்றைத்தான்.

வேலை அதிகம், புத்தாண்டுக்கு வர முடியாது போலிருக்கிறது என்று நீ எழுதியதை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. மனிதர் பகல் முழுக்கத் துடைப்பக்கட்டையோடு உன் அறைக்கு வெளியே வராந்தாவில் காவல் இருக்கிறார். சொல்ல மனம் வரவில்லை.

நூற்றிருபதில் மிஞ்சியது ஏழு. உன் அறைத் திரைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். தபாலில் அனுப்பச் சொல்லாதே, அனுப்ப மாட்டேன். வந்து தின்னு. நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ, உடம்புக்கு ஒன்றும் வராமல் நன்றாக இரு, என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். நீ வரவில்லையென்றால் புத்தாண்டன்று காலையில் உன் அறை ஜன்னலைத் திறந்து வைத்துவிடுவேன். அந்தப் பதினொன்றும் இந்த வீட்டுக்கு வர ஒருநாளும் வேலை அதிகம் என்று சொன்னதில்லை.

உன் அம்மா,
தோகியே