அந்த யோசனை என்னுடையது, அக்கா

என் செங்கமலம் அக்காவுக்கு,

மார்கழி முடிந்துவிட்டது. அத்தான் பிழைத்துக்கொண்டார். இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதை நீ பதறாமல் கேட்பாய். இருமல் இருக்கிறது, இழுப்பு இல்லை. நேற்று தானே எழுந்துபோய்க் கிணற்றடியில் பல் விளக்கினார்.

செத்துப்போனவளுக்குக் கடிதம் எழுதி அதைப் பத்திரிகைக்கும் அனுப்புகிறாளே என்று ஊரில் பேசுவார்கள். பேசட்டும். உன் பெயர் மன்னார்குடி டாக்டர் வரைக்கும் போய்விட்டது. சிங்கப்பூருக்கும் போய்விட்டது. என் பெயர் வாசலைத் தாண்டவில்லை. அதனால் நான் உனக்கு எழுதுவதை நாலு பேர் படித்தால்தான் நியாயம்.

அப்பா உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார், என்னை மாட்டோடு நிறுத்திக்கொண்டார். நீ எட்டாவது வரை படித்தாய். நான் மளிகை மடித்து வந்த காகிதத்திலும், கட்சிக்காரர்கள் சுவரில் எழுதிய பெரிய எழுத்துகளிலும் தனியாகக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். உன் பழைய பாவாடையை நான் கட்டினேன். உனக்குச் சிறிதாகிவிட்ட கொலுசை நான் போட்டேன். தோஷ ஜாதகம் என்று யாரும் கேட்டு வராமல் கிடந்த எனக்கு, நீ போன மறு வருஷம் உன் புருஷனையே கட்டிவைத்தார்கள். உன் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவரை நான் இன்னும் அத்தான் என்றுதான் கூப்பிடுகிறேன். உன் பிள்ளை என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுகிறான். இரண்டு பேரையும் திருத்த எனக்கு வாய் வந்ததில்லை.

உன் கண்ணாடி அறை அப்படியே இருக்கிறது. நில உச்சவரம்புச் சட்டம் வருகிறது என்று பயந்து அத்தான் கீழைக்காட்டை விற்றாரே, அந்த வருஷம் உனக்காகக் கட்டியது. நனையாமல் மழையைப் பார்க்கவேண்டும் என்று நீ ஒரு வார்த்தை சொன்னாய். கொல்லைப்புறம் முழுக்கக் கண்ணாடி ஓடு, மூன்று பக்கமும் கண்ணாடி. நான் ஒரு அம்மி கேட்டு நாலு வருஷம் காத்திருந்தவள். கூலிப் போராட்டத்தில் கல் விழுந்து உடைந்த கண்ணாடிக்கு மட்டும் தகரம் அடித்திருக்கிறது.

ஐப்பசியில் அவருக்கு மூச்சு இழுப்பு வந்தது. பனி உடம்பில் படக்கூடாது, விடியற்காலைக் குளிர்தான் எமன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் படுக்கும் அந்தக் கண்ணாடி அறைதான் வீட்டிலேயே குளிர்ந்த இடம். பகலெல்லாம் வெயிலில் கொதிக்கும், பொழுது சாய்ந்ததும் சூடு அத்தனையும் கண்ணாடி வழியாக ஓடிவிடும். விடிந்தால் ஓட்டிலிருந்து தண்ணீர் அவர் போர்வையில் சொட்டும். நடுக்கூடத்தில் படுங்கள் என்று சொன்னேன். "அவ கிடந்த எடத்துலயே கெடந்துட்டுப் போறேன்" என்றார்.

ஆளைக் கிளப்ப முடியாது என்று ஆனபிறகு அறைக்குச் சூடு கொண்டுவரவேண்டும். அதுதான் கார்த்திகை முழுக்க எனக்கு வேலை.

உன் பிள்ளை சிங்கப்பூரிலிருந்து கரண்ட் அடுப்பு ஒன்று அனுப்பினான். கம்பி சிவந்து காற்றைச் சூடாக்குமாம். நம் ஊர்க் கரண்ட் உனக்குத் தெரியாததா? விளக்கு வைக்கும் நேரத்துக்கு இளைத்துப்போகும். கம்பி பீடி நுனி மாதிரி சிவந்தது, அவ்வளவுதான். மூன்றாம் நாள் பியூஸ் போனது. அதை எடுத்துப் பரணில் போட்டேன்.

பிறகு நான் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன். பழைய அண்டாவில் உமியை நிரப்பிக் கணப்பு போட்டேன். உமி நின்று நிதானமாகக் கனலும், விடியும் வரை தாங்கும். சூடு வீணாகக்கூடாதே என்று சந்து பொந்தையெல்லாம் பழந்துணியால் அடைத்துவிட்டு நான் கூடத்தில் படுத்தேன். விடியும்போது வேலைக்கு வந்த அஞ்சலைதான் புகை நெடி கண்டு கதவைத் தள்ளித் திறந்தாள். அவர் தலை தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். வெளியே இழுத்து வந்து போட்டதும் வாந்தி எடுத்தார்.

அஞ்சலையை உனக்குத் தெரியும். போராட்டத்தில் செங்கொடி பிடித்து நம் களத்தில் குறுக்கே உட்கார்ந்தாளே, அவள்தான். இப்போது குடிமனைக்குப் பட்டா வாங்கி ஓட்டு வீடு கட்டியிருக்கிறாள். அவருக்கு மூச்சு சீராகும் வரை விசிறிக்கொண்டே இருந்தாள். சீரானபிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"என்னம்மா, ஐயாவ வாழத்தாரு மாதிரி மூட்டம் போட்டுட்டீங்க? இன்னும் ரெண்டு நாளு விட்டிருந்தா நல்லாப் பழுத்திருப்பாரு."

அவர் அந்த நிலையிலும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவள் சொன்னது சரி. குழியில் வாழைத்தாரை வைத்து, புகை ஊதி, மண்ணால் பூசி மூடுவதை எத்தனை தடவை செய்திருக்கிறேன். அதே கையால் அதே வேலையை மனுஷனுக்குச் செய்துவிட்டேன்.

நல்ல யோசனை வந்தது அதற்கு நாலு நாள் கழித்து. நான் இன்னும் மில்லுக்கு அனுப்பாமல் வீட்டிலேயே நெல் அவிக்கிறவள். முதல் நாள் சாயங்காலம் கொதிநீரில் ஊறப்போட்ட நெல்லை, காலையில் வேகவைக்கக் கையை விட்டால் அண்டா இன்னும் சுட்டது. வெளியே புல்லெல்லாம் பனி. ஊறும் நெல்லுக்குப் புகை இல்லை, கரண்ட் வேண்டாம். அண்டாவைத் தூக்கி அறைக்குள் வைத்தால் என்ன? மேலே பலகையும் சாக்கும் போட்டு மூடிவிட்டால் ஆவியும் வராது. ஆனால் கண்ணாடி அந்தச் சூட்டையும் தின்றுவிடும். சாக்குகளைப் பிரித்துத் தைத்துப் படுதாவாக்கி, ஓட்டுக்கு அடியிலும் மூன்று பக்கமும் கட்டவேண்டும். பொழுது சாய்ந்ததும் இறக்குவது, விடிந்ததும் சுருட்டுவது.

தினம் அவிக்க நம்மிடம் அவ்வளவு நெல் ஏது? அஞ்சலையிடம் கேட்டேன். அவள் தெருப் பெண்கள் முறைவைத்துத் தங்கள் நெல்லைக் கொண்டுவருவது, விறகும் அண்டாவும் நம்முடையது என்று பேசி முடித்தோம். "கூலி கேட்டப்ப சாத்துன கதவு, நெல்லுக்குத் தொறக்குதாக்கும்" என்றாள். வந்துவிட்டாள்.

அத்தான்தான் மசியவில்லை. நெல் வாடையைப் பொறுத்துக்கொள்வாராம், படுதா கூடாதாம். நீ வானம் பார்க்கக் கேட்ட அறையாம். சாக்கைக் கட்டினால் குடோன் ஆகிவிடுமாம். இரண்டு நாள் கெஞ்சினேன், ஒரு நாள் பேசாமல் இருந்தேன். இழுப்பு கூடிக்கொண்டே போனது. நாலாம் நாள் விடியலில் உதடு நீலம் பூத்திருந்தது.

அன்றைக்குத்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன். நீ கிடந்த கடைசி மார்கழியில் இதையெல்லாம் நீயே என்னிடம் சொன்னதாகச் சொன்னேன், ஊறுகிற நெல்லைப் பக்கத்தில் வை, சாக்குப் படுதா கட்டு என்று.

"அவ சொன்னாளா?"

"சொன்னா."

நிமிர்ந்து கண்ணாடி ஓட்டைப் பார்த்தார். "அப்பக் கட்டு" என்றார்.

அன்று சாயங்காலமே கட்டினோம். மறுநாள் விடியலில் நான் உள்ளே போனபோது அவர் போர்வையை உதறிவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். எனக்கே வியர்த்தது. மார்கழி முப்பது நாளும் அப்படித்தான்.

சந்தோஷப்பட விட்டாயா நீ? பார்க்க வந்தவர்களிடமெல்லாம் செங்கமலத்தின் யோசனை என்றார். டாக்டரிடம் சொன்னார். டாக்டர் என்னைப் பார்த்து, அந்த அம்மா படித்தவங்களா என்று கேட்டார். எட்டாவது என்றேன். பிள்ளைக்கு எழுதினார். அவன் பதிலில், அம்மா இல்லாமலும் அப்பாவைக் காப்பாற்றிவிட்டாள் என்று எழுதியிருந்தான். அந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டியது யார் தெரியுமா? சுவர் எழுத்தில் படிப்பு கற்ற நான்தான்.

ஒன்று கேட்கிறேன், உன்னைத் தவிர யாரிடமும் கேட்க முடியாது. அந்தக் கடைசி மார்கழியில் நீ இந்த அறையில் கிடந்து "குளிருது அபயம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். உன்னைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த நான் ஒரு போர்வையை மேலே போட்டுவிட்டுப் போனேன். இருபது அடி தள்ளி, அதே அண்டாவில், அதே நெல்லை ஊறப்போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது ஏன் எனக்கு இது தோன்றவில்லை? தோன்றியிருந்தால் செய்திருப்பேனா? செய்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நீ என்ன நினைக்கிறாய்?

தை பிறந்த மூன்றாம் நாள் படுதாவையெல்லாம் கழற்றினேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து காப்பி குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒங்க அக்காவுக்கு நெல்லு அவிக்கத் தெரியாது" என்றார். "ஒரே ஒரு தடவ அவிச்சா. அடிப்பிடிச்சி மாட்டுக்குப் போட்டோம்."

கையிலிருந்த கயிற்றை விட்டுவிட்டேன். பிறகு எதற்கு ஊரெல்லாம் அவள் பேரைச் சொன்னீங்க என்று கேட்டேன்.

"நீ சொன்னத நான் மாத்தலாமா?" என்றார். டம்ளரை நீட்டினார். "அடுத்த வருசம் அவள இழுக்காமக் கட்டு."

இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. எனக்கு உரியதை எனக்குத் தந்தாரா? இல்லை, என் பொய்யில் உன் பேர் அழுக்காகக்கூடாது என்று காத்துக்கொண்டாரா? இழுக்காதே என்று சொன்னாரே, அது யாருக்காக?

உன் பிள்ளைக்கு நானே என் கையால் எழுதிவிட்டேன், யோசனை சித்தியுடையது என்று. டாக்டரிடமும் அடுத்த தடவை போகும்போது சொல்வேன். படுதாக்களைத் துவைத்துக் காயவைத்து, எலி கடிக்காமல் வேப்பிலை போட்டு மடித்துவைத்திருக்கிறேன். அடுத்த கார்த்திகையில் அதே இடத்தில் கட்டுவேன். அப்போது உன் பேரைச் சொல்லமாட்டேன், இது சத்தியம். ஆனால் விடிந்ததும் தலைமாட்டுப் படுதாவை முதலில் சுருட்டுவேன். அந்த இடத்து வானம் நீ கேட்டு வாங்கியது. அதில் எனக்குப் பங்கு வேண்டாம்.

உன் பின்னால் பிறந்து, உன் பின்னாலேயே நின்று, இப்போது ஒரு அடி முன்னால் வந்திருக்கும்
உன் தங்கை
அபயம்